வைவாவில் வரும் ஒரு பெயர்: கொல்லிமலையிலிருந்து வேலூருக்கு

கொல்லிமலைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எழுபது கொண்டை ஊசி வளைவு, வார இறுதி பைக் ரைடு, ஆகாய கங்கை அருவி. சங்க இலக்கியம் கொஞ்சம் படிச்சவங்களுக்கு வல்வில் ஓரி. இன்னைக்கு அதே மலைக்கு வேற ஒரு வழியில ஏறலாம். அந்த வழி ஒரு பரீட்சை ஹாலில் ஆரம்பிக்குது.

இந்த எபிசோடைக் கேட்கிறவங்கள்ல சர்ஜரி பி.ஜி. படிக்கிறவங்க யாராவது இருந்தா, மன்னிச்சுக்கோங்க, உங்க டென்ஷனைக் கொஞ்சம் கிளறப் போறேன். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: எம்.பி.பி.எஸ். முடிச்சு, நீட் பி.ஜி. எழுதி, சீட் வாங்கி, மூணு வருஷம் தூக்கம் இல்லாம வார்டிலும் தியேட்டரிலும் நின்ன பிறகு ஒரு பரீட்சை வரும். நாலு தியரி பேப்பர். அப்புறம் கிளினிக்கல்: லாங் கேஸ், ஷார்ட் கேஸ். கடைசியில வைவா. பத்தாயிரம் விஷயம் தெரிஞ்சிருக்கணும், அதுல எந்தப் பத்தைக் கேட்பாங்கன்னு தெரியாது. அதனால கடைசி ரெண்டு மாசம் புதுசா யாரும் எதுவும் படிக்கிறதில்லை. ரிவிஷன்தான். பெய்லி அண்ட் லவ்வைத் திருப்பித் திருப்பிப் புரட்டறது, நோட்ஸை மனப்பாடம் பண்றது, ரூம்மேட்டை எக்ஸாமினரா உட்கார வெச்சுப் பதில் சொல்லிப் பார்க்கறது.

அந்த ஷார்ட் கேஸ் மேஜையில ஒரு கை. சுண்டு விரலும் மோதிர விரலும் வளைஞ்சு, பறவையோட கால் மாதிரி மடங்கி நிக்குது.

“என்ன இது?” “க்ளா ஹேண்ட் சார்.” “எந்த நரம்பு?” “அல்நார் சார்.” “நம்ம ஊர்ல முதல்ல எதை நினைக்கணும்?” “தொழுநோய் சார்.” “நரம்பை எங்கே தொட்டுப் பார்ப்பே?” “முழங்கைக்குப் பின்னாடி சார், தடிச்சிருக்கும்.” “என்ன ஆபரேஷன்?” “டெண்டன் டிரான்ஸ்ஃபர் சார். பன்னல்... பிராண்ட்...” “சரி, அடுத்தது.”

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த மாணவர் அடுத்த மேஜைக்குப் போயிடுவார். நாம இங்கேயே நிக்கலாம். யார் இந்த பிராண்ட்?

பேரைக் கேட்டா லண்டன் ஆள் மாதிரி இருக்கும். ஆனா பால் பிராண்ட் 1914 ஜூலையில் கொல்லிமலையில் பிறந்தவர். நாமக்கல் மாவட்டம் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. எழுபது வளைவு ரோடும் அப்போ கிடையாது. நடந்துதான் ஏறணும், முடியாதவங்களை டோலியில தூக்கிட்டுப் போகணும். மேலே இருக்கிறவங்க மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்கிறவங்கங்கற பொருள்ல மலையாளி). நெல், கேழ்வரகு, சாமை. அதோட மலேரியா.

அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். மதத்தைப் பரப்ப வந்தவங்கதான், அதுல சந்தேகம் இல்லை. மிஷனரி கதைன்னா ஒரு பக்கம் புனிதர் பட்டம் கொடுப்பாங்க, இன்னொரு பக்கம் வில்லன் ஆக்கிடுவாங்க. எனக்கு ரெண்டுலயும் ஆர்வம் இல்லை. அவங்க அந்த மலையில என்ன செஞ்சாங்கங்கறதுதான் நமக்கு வேணும். ஜெஸ்ஸி முழு டாக்டர் கிடையாது. லண்டன்ல லிவிங்ஸ்டன் காலேஜ்னு ஒரு இடத்தில மிஷனரிகளுக்காக நடந்த மருத்துவப் பயிற்சியை முடிச்சிருந்தார். அதை வெச்சுக்கிட்டு மலையில பல் பிடுங்கினார், கட்டி கீறினார், வீடு கட்டினார், பள்ளி நடத்தினார்.

நரம்புச்சிலந்தி கேள்விப்பட்டிருக்கீங்களா? பாட்டிகிட்ட கேட்டா தெரியும். தண்ணி வழியா உடம்புக்குள்ள போற ஒரு புழு, ஒரு வருஷம் கழிச்சுக் காலைப் பிளந்துக்கிட்டு வெளியே தலை நீட்டும். அதை அவசரமா இழுத்தா அறுந்துடும், உள்ளேயே சீழ் பிடிக்கும். அதனால ஒரு சின்னக் குச்சியில சுத்தி, தினம் கொஞ்சம் கொஞ்சமா வெளியே எடுக்கணும். ஜெஸ்ஸி அதைச் செஞ்சார். படிக்கட்டு இறங்கி ஜனங்க கால் நனைக்கிற கிணத்திலிருந்துதான் அது வருதுன்னு ஊருக்குச் சொல்லவும் செஞ்சார். 2000ல் இந்தியா நரம்புச்சிலந்தி இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதனால இப்போ அது நோட்ஸ்ல ஒரு வரி.

சிறுவன் பால் இதையெல்லாம் பார்த்துக்கிட்டு வளர்ந்தான். பார்த்ததோட பலன் என்னன்னா, ‘என்ன ஆனாலும் நான் டாக்டர் ஆக மாட்டேன்’ங்கற முடிவு. சீழ், ரத்தம், கட்டி கீறும்போது வர்ற நாற்றம், இதெல்லாம் அவனுக்குக் குமட்டலா இருந்தது. அதுல ஒரு காட்சியை மட்டும் பின்னாடி பெரியவரான பிறகும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கார். மூணு பேர் மலையேறி வீட்டுக்கு வர்றாங்க. தொழுநோயாளிகள். யார்கிட்டயும் தயங்காம போற அப்பா அன்னைக்கு மட்டும் முகம் மாறிட்டார். பிள்ளைங்களை உள்ளே போகச் சொல்லிட்டு, கையுறை மாட்டிக்கிட்டு, அவங்க கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பினார். அப்பா பயந்து அந்தப் பையன் பார்த்தது அப்போதான்.

ஒன்பது வயசுல, 1923ல், பாலையும் தங்கச்சியையும் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929ல் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துட்டார். மலேரியா முத்தி சிறுநீர் கருப்பாப் போகிற கருநீர்க் காய்ச்சல். செய்தி தந்தியில போயிடுச்சு. ஆனா கடிதம் கப்பல்ல வருது இல்லையா? அப்பா இறந்துட்டார்னு தெரிஞ்ச பிறகும் அப்பா எழுதின கடிதங்கள் சில வாரம் வந்துக்கிட்டே இருந்தது.

பையனுக்குப் பதினாறு வயசு. டாக்டர் வேண்டாம்னு முடிவு பண்ணினவன், அப்பாவோட இன்னொரு தொழிலை எடுத்தான்: கட்டட வேலை. தச்சு, கொத்து எல்லாம் சேர்த்து அஞ்சு வருஷம் அப்ரண்டிஸ். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். அதுக்கப்புறம் மிஷனரியாப் போறதுக்காக, அப்பா படிச்ச அதே லிவிங்ஸ்டன் காலேஜில ஒரு வருஷப் படிப்பு. அங்கேதான் மனசு மாறுது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஹாஸ்பிடலில் மருத்துவ மாணவரா சேர்றார். உலகப் போர். 1940-41ல் லண்டன் மேலே ராத்திரி ராத்திரி குண்டு விழுது. மாணவர்களும் காயம்பட்டவங்களைப் பார்த்தாகணும். 1943ல் டாக்டர் பட்டம். அப்புறம் எஃப்.ஆர்.சி.எஸ்.

இப்போ அந்தப் பரீட்சையைப் பத்திக் கொஞ்சம் பேசலாம். முடிவெட்டறவங்களும் அறுவை செய்றவங்களும் ஒரே சங்கமா இருந்த காலம் இங்கிலாந்தில உண்டு. 1540ல் எட்டாம் ஹென்றி ரெண்டு கூட்டத்தையும் ஒண்ணா சேர்த்தார். 1745ல்தான் பிரிஞ்சாங்க. 1800ல் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ். 1843ல் ‘ஃபெல்லோ’ங்கற தகுதி வந்தது. கத்தி பிடிக்கிறவன் படிச்சவன்தான்னு உலகத்துக்கு நிரூபிக்கிறதுக்காக உருவான பரீட்சைன்னு சொன்னா தப்பில்லை. அதனாலதான் அதுல உடற்கூறியலை அவ்வளவு ஈவிரக்கம் இல்லாம கேட்டாங்க. எந்த நரம்பு எந்த எலும்புக்குப் பின்னாடி போகுது, எந்தத் தசைக்கு எங்கே கிளை விடுதுன்னு தூக்கத்தில எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்.

பெய்லி அண்ட் லவ் வந்ததும் இந்தப் பரீட்சை உலகத்துக்குள்ளதான். முதல் பதிப்பு 1932. ஹாமில்டன் பெய்லிக்கு இடது ஆள்காட்டி விரல் கிடையாது. ஆபரேஷன் செய்யும்போது ஏற்பட்ட தொற்றால விரலையே எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். நோயாளியை எப்படித் தொட்டுப் பார்க்கணும்னு அவர் எழுதின இன்னொரு புத்தகத்தோட படங்களில அந்த விரல் இல்லாத கையையே பார்க்கலாம். ரிவிஷன் பண்றவங்க ஒருதரம் தேடிப் பாருங்க.

அந்தப் பக்கம் வேலூர். ஐடா ஸ்கடர் 1918ல் பெண்களுக்காக ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளி எல்.எம்.பி. டிப்ளமோதான் கொடுத்துக்கிட்டு இருந்தது. 1930களோட கடைசியில மெட்ராஸ் மாகாண அரசு, இனிமே டிப்ளமோ கிடையாது, பட்டப்படிப்பு மட்டும்தான்னு முடிவெடுத்தது. வேலூர் மூடணும், இல்லை எம்.பி.பி.எஸ். கல்லூரியா உயரணும். 1942ல் எம்.பி.பி.எஸ். ஆரம்பிச்சாச்சு. ஆனா பல்கலைக்கழகத்தோட நிபந்தனைப்படி பாடம் நடத்தறவங்களுக்கு உயர் பட்டம் வேணும். அப்போ கல்லூரிப் பொறுப்பில இருந்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். அவர் எஃப்.ஆர்.சி.எஸ். வாங்கின ஒரு ஆளைத் தேடினார். 1946 கடைசியில பால் பிராண்ட் வேலூர் வந்து சேர்ந்தார்.

‘பரீட்சையெல்லாம் சும்மா, உண்மையான அறிவு வேற’ன்னு பேசறது நமக்கு ரொம்ப சுலபம். இந்தக் கதை அப்படிப் போகலை. அந்தச் சான்றிதழ் இல்லைன்னா இந்த ஆள் வேலூருக்கே வந்திருக்க முடியாது.

1947. செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு காக்ரேன் இவரைக் கூட்டிட்டுப் போறார். நடந்துக்கிட்டே தோலில இருக்கிற தேமல் பத்தி, நோயோட வகை பத்தி விளக்கம். பிராண்ட் தோலைப் பார்க்கலை, கைகளைப் பார்க்கறார். எல்லாம் மடங்கிய கைகள், விரல் குறைஞ்ச கைகள். இது ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்கறார். காக்ரேன் சொன்ன பதிலோட சாரம் இதுதான்: நான் தோல் டாக்டர், எலும்பும் தசையும் உன் வேலை. போலியோவுக்கு எத்தனை சர்ஜன்கள் இருக்காங்க, இதுக்கு ஒருத்தர்கூட வரலையே.

அங்கே ஒரு இளைஞரோட கையைப் பிடிச்சு, என் கையை அமுக்குன்னு பிராண்ட் கேட்டிருக்கார். செயலிழந்த கைன்னு நினைச்சிருந்தார். பிடி விழுந்ததும் வலியில கத்திட்டார். அவ்வளவு பலம்! அதாவது இந்தக் கையில எல்லாத் தசையும் செத்துப் போகலை. சிலது செத்திருக்கு, சிலது முழு பலத்தோட இருக்கு. அது ஏன்?

இதுக்கு எஃப்.ஆர்.சி.எஸ். படிப்பில பதில் கிடையாது. கேள்வியே அதுல இல்லை. தொழுநோயாளியோட சதை ‘கெட்ட சதை’, வெட்டினா ஆறாதுன்னு நம்பின காலம். பொது ஆஸ்பத்திரியில அவங்களுக்குப் படுக்கை கிடைக்கிறதே கஷ்டம். 1898லேயே அவங்களைத் தனிமைப்படுத்த வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டம் எப்போ ரத்தாச்சு தெரியுமா? 2016ல்.

ஆனா பதிலைத் தேடறதுக்கான கருவி அந்தப் பரீட்சையிலதான் இருந்தது. மனப்பாடம் பண்ணின அதே நரம்பு வரைபடம். செங்கல்பட்டில ஒரு நோயாளி இறந்தபோது, ராத்திரியோட ராத்திரியாப் போய், அந்த உடம்பில நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரிச்சுப் பார்த்தாங்க. வீக்கம் எல்லா இடத்திலயும் இல்லை. முழங்கைக்குப் பக்கத்தில, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, முழங்காலுக்குப் பக்கத்தில, கணுக்காலில. நரம்பு தோலுக்கு ரொம்பப் பக்கத்தில வர்ற இடங்கள். உடம்போட மத்த இடத்தைவிடக் குளிர்ச்சியான இடங்கள். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். 1873லேயே ஹேன்சன் நார்வேயில அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சிட்டார். ஆனா அது விரலை எப்படி மடக்குதுங்கறது இப்போதான் தெளிவாகுது.

இதைக் கொஞ்சம் மெதுவாப் பார்க்கலாம், ஏன்னா இங்கேதான் ஆபரேஷனே இருக்கு. நரம்புங்கறது வாய்க்கால் மாதிரி. மணிக்கட்டில அடைப்பு வந்தா, அதுக்கு மேலே முன்கையில ஏற்கெனவே கிளை பிரிஞ்ச தசைகளுக்குத் தண்ணி வந்துக்கிட்டுதான் இருக்கும். உள்ளங்கைக்குள்ள இருக்கிற சின்னச் சின்னத் தசைகள்தான் காஞ்சு போகும். அந்தச் சின்னத் தசைகளோட வேலை என்ன? விரலோட அடி மூட்டை மடக்கி, நுனி மூட்டுகளை நீட்டறது. அதாவது பேனா பிடிக்கிற, சோறு எடுக்கிற வேலை. அது போனதும் அடி மூட்டு பின்னாடி சாயும், நுனி சுருளும். அதுதான் க்ளா ஹேண்ட். ஆனா முன்கையில பெரிய தசைகள் பலமா இருக்கு. ஒவ்வொரு விரலையும் மடக்க அங்கிருந்து ரெண்டு தசைநாண் வருது. ரெண்டில ஒண்ணைக் கடன் வாங்கி, செத்துப்போன சின்னத் தசையோட பாதையில திருப்பி விட்டா?

தசைநாணை இடம் மாத்தறது பிராண்ட் கண்டுபிடிச்சது இல்லை. போர்க்காயம், போலியோவுக்கு மத்த சர்ஜன்கள் ஏற்கெனவே செஞ்சதுதான். வைவாவில வந்த பன்னல் அதுல ஒருத்தர், அமெரிக்கர். வேலூர்ல நடந்தது என்னன்னா, யாரும் கத்தி வைக்கத் துணியாத கையில அதைச் செஞ்சு, புண் ஆறுதுன்னு காட்டினது. அப்புறம் பிராண்ட் மணிக்கட்டைத் தூக்கற தசை ஒண்ணை எடுத்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணால நீட்டி, நாலு வாலாப் பிரிச்சு நாலு விரலுக்கும் கட்டற முறையைக் கொண்டு வந்தார். வைவாவில அந்த மாணவர் முணுமுணுத்த பேர் இதுதான். 1952ல் அதே ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் இவரை ஹண்டேரியன் சொற்பொழிவுக்கு அழைச்சது. ஒருகாலத்தில பரீட்சை எழுதின இடத்துக்குப் பாடம் சொல்லப் போனார்.

ஆபரேஷன் பாதி வேலைதான். மணிக்கட்டைத் தூக்கிக்கிட்டு இருந்த தசைக்கு இப்போ விரல் வேலை. மூளைக்கு அது தெரியாது. வாரக்கணக்கா உட்கார்ந்து பிசியோதெரபியில பழக்கணும். விரல் நேரான பிறகு இன்னொரு சிக்கல். கையில தழும்பைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டாங்க. அதனால 1950களோட தொடக்கத்தில வேலூர்ல நவஜீவ நிலையம்னு ஒரு சின்னக் குடியிருப்பு. மண் குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை. அந்த அஞ்சு வருஷ அப்ரண்டிஸ் அனுபவம் இங்கே வந்து உட்காருது.

பட்டறையிலதான் பெரிய கண்டுபிடிப்பு. ஆபரேஷன் பண்ணின நல்ல கைகளில புதுசு புதுசாப் புண் வருது. நோய்தான் விரலை அழுக வைக்குதுன்னா தடுக்க வழி இல்லை. ஆனா ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கண்டுபிடிச்சே ஆகணும்னு உட்கார்ந்தாங்க. சுத்தியல் பிடியில சிலாம்பு. சூடான டம்ளர். திறக்காத பூட்டில சாவியை மிதமிஞ்சித் திருகினது. சிலருக்கு ராத்திரி விரல் நுனியே காணாமல் போயிருக்கு. முழிச்சிருந்து பார்த்தா, தூங்கும்போது எலி கடிச்சிருக்கு. வலி இல்லாததால எழுந்திருக்கலை. அதுக்கப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினாங்க. விரல் அழுகி விழலை. வலி தெரியாததால கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு போயிருக்கு.

இந்த இடத்தில எனக்கு ஒரு குறை உண்டு. பிராண்ட் பத்தி வந்த புத்தகங்கள் எல்லாம் அவரைச் சுத்தியே ஓடும். தன் கையை முதல்ல நீட்டினவங்க, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணத்தை ஞாபகப்படுத்திச் சொன்னவங்க, பின்னாடி செருப்புத் தைக்கவும் மாவுக்கட்டுப் போடவும் கத்துக்கிட்டவங்க, எல்லாரும் நோயாளிகள்தான். பரீட்சைப் பதிலில அவங்க யாரும் வர்றதில்லை.

1966ல் பிராண்ட் அமெரிக்காவில லூசியானா மாநிலத்து கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போயிட்டார். அம்மா ஈவ்லின் போகலை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் எழுபது வயசுக்கு மேல மலையிலேயே தங்கி, மட்டக் குதிரையில கல்வராயன் மலை, பச்சைமலைன்னு சுத்திக்கிட்டு இருந்தாங்க. 1974ல் 95 வயசுல இறந்தாங்க. கொல்லிமலையில கணவர் பக்கத்திலேயே புதைச்சாங்க. 2003ல் சியாட்டிலில் இறந்த மகனுக்கு அந்த மண் கிடைக்கலை.

கார்வில்லில பிராண்ட் கவனிச்சது இது: சர்க்கரை நோய்க்காரங்க பாதத்தில வர்ற புண், கரிகிரியிலும் வேலூர்லயும் பார்த்த தொழுநோய்ப் புண் மாதிரியே இருக்கு. காரணமும் அதேதான். நரம்பு மரத்துப் போச்சு, வலி இல்லை, அதே இடத்தில மிதிச்சு மிதிச்சு நடக்கறாங்க. மருந்தைவிட முக்கியம், அந்த இடத்தில எடை விழாம பண்றது. அதுக்காகப் பாதத்தோட ஒட்டின மாவுக்கட்டு. டோட்டல் கான்டாக்ட் காஸ்ட். தொழுநோய்க்காரங்க காலில பழகின கட்டு, சர்க்கரை நோய் உலகத்துக்குள்ள இப்படித்தான் பரவினது.

2005 கடைசியில இந்தியாவில தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழே போயிடுச்சுன்னு அறிவிச்சாங்க. புது நோயாளிகள் இன்னும் வர்றாங்க. ஆனா ஒரு சர்ஜரி பி.ஜி. மூணு வருஷத்தில தன் கையால ஒரு க்ளா ஹேண்டைத் தொட்டுப் பார்க்காமலே பரீட்சைக்குப் போகலாம். டயபெடிக் ஃபுட் அப்படி இல்லை. தமிழ்நாட்டில எந்த அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி வார்டுக்குப் போனாலும் அது இருக்கும். பரீட்சையில ஆஸ்தான லாங் கேஸ் அது. ரெண்டு நாள் செருப்புக்குள்ள ஆணி இருந்தும் தெரியாம நடந்தவர், சூடான தார் ரோட்டில வெறுங்காலோட கோயில் சுத்தினவர், எல்லாரும் அங்கே படுத்திருப்பாங்க. ஏன் சீக்கிரம் வரலைன்னு கேட்டா ஒரே பதில்தான்: வலிக்கலையே டாக்டர்.

அந்த லாங் கேஸ் மேஜையில எக்ஸாமினர் ஒரு சின்ன நைலான் இழையை எடுத்துக் கொடுப்பார். பாதத்தில குத்தி, அது வளையற வரைக்கும் அழுத்தி, தெரியுதான்னு கேட்கணும். பத்து கிராம் மோனோஃபிலமென்ட். அதை உணர முடியாத பாதத்துக்குத்தான் புண் வரும் ஆபத்துன்னு 1980களில் அளந்து சொன்னவங்க கார்வில் ஆஸ்பத்திரிக்காரங்க. தொழுநோயாளிகளோட பாதத்தையும் சர்க்கரை நோயாளிகளோட பாதத்தையும் பக்கத்தில பக்கத்தில வெச்சு அளந்து பார்த்துச் சொன்னாங்க.